சால்ட்டா, ஸ்வீட்டா?

தமிழ் சினிமாவில் வட சென்னைக்காரன் கைக்கு சோடா பாட்டில் வந்துவிட்டால், அடுத்த காட்சியில் யாராவது ஒருவருக்குத் தையல் போட வேண்டியிருக்கும். பாட்டிலை உடைப்பார்கள், எறிவார்கள், கழுத்தில் வைத்து மிரட்டுவார்கள். இத்தனை வருஷமாகப் பார்க்கிறேன், ஒருத்தனாவது அதைத் திறந்து, அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, உப்புப் போட்டுக் குடித்துவிட்டு நிம்மதியாக ஏப்பம் விட்டான் என்று ஞாபகம் இல்லை. டைரக்டர்களைச் சொல்லியும் குற்றமில்லை. கேரவனுக்குள் ஏசியில் உட்கார்ந்து வசனம் பார்க்கிறவருக்கு எங்கள் பக்கத்துத் தாகம் எப்படித் தெரியும்?

எங்கள் பக்கம் என்றால் இராயபுரத்தில் ஆரம்பித்து, காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று கடலை ஒட்டியே எண்ணூர் வரை போகிற பக்கம். இங்கே வெயில் தனியாக வருவதில்லை. கடல் ஈரம், கன்டெய்னர் லாரிப் புகை, நிலக்கரித் தூசி, கருவாட்டு வாசனை என்று பரிவாரங்களோடுதான் எழுந்தருளும். சித்திரை மாதம் குளித்துவிட்டு வந்து உடம்பைத் துடைத்தால், துடைப்பது குளித்த தண்ணீரையா, புது வியர்வையையா என்று துண்டுக்கே சந்தேகம் வந்துவிடும். அதனால் எலுமிச்சை ஜூஸும் இஞ்சித் தண்ணீரும் இங்கே விருந்தாளிக்கு மட்டும் போடுகிற சமாசாரம் இல்லை. மருந்து என்றும் சொல்ல முடியாது, பலகாரம் என்றும் சொல்ல முடியாது. ஆனால் அது இல்லாவிட்டால் மதியம் மூன்று மணியை யாரும் உயிரோடு தாண்ட முடியாது.

துறைமுகத்துப் பக்கம் ஒரு கிளியரிங் ஆபீசில் காலமெல்லாம் பில் எழுதிவிட்டு ஓய்வுபெற்று வந்தவன் நான். வீட்டில் எனக்கு ஏதாவது ஒரு இலாகா ஒதுக்க வேண்டுமே என்று என் மனைவி யோசித்து, ஜூஸ் இலாகாவைக் கொடுத்தாள். காபி இலாகா அவளிடம். சாப்பாடு, நிதி, உள்துறை எல்லாம் என் அம்மாவிடம். அம்மாவுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அதிகாரம் மட்டும் குறையவில்லை.

பதவி ஏற்றதும் பொறுப்பாக யூடியூபைத் திறந்தேன். ஒரு அம்மணி பளபளவென்ற சமையலறையில் நின்றுகொண்டு, "முதல்ல ஒரு டம்ளர் தண்ணி எடுத்துக்கோங்க" என்றார். ஒரு புன்னகை. அடுத்த வினாடி டம்ளரில் தண்ணீர் இருந்தது.

அந்த அம்மணி கட்டாயம் திருவொற்றியூரில் குடியிருக்கவில்லை.

எங்கள் வீட்டில் 'தண்ணி' என்று பொதுவாகச் சொன்னால் யாருக்கும் விளங்காது. போர் தண்ணி, மெட்ரோ தண்ணி, கேன் தண்ணி என்று மூன்று ஜாதி. ஒவ்வொன்றுக்கும் தனிக் குடம், தனி நிறம், தனி இடம். பச்சைக் குடத்துத் தண்ணீரை ஆரஞ்சுக் குடத்தில் ஊற்றிவிட்டால் அன்றைக்குப் பொழுது போய்விடும். இதில் போர் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்து பார்த்திருக்கிறீர்களா? ஒரு பழம் பிழிந்தால் புளிக்காது. இரண்டு பிழிந்தாலும் மழுப்பலாகத்தான் இருக்கும். இதற்கு ரசாயனக் காரணம் உண்டு. கடின நீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட், எலுமிச்சையின் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சமாதானப்படுத்திவிடுகிறது. புளிப்பெல்லாம் அந்தப் பஞ்சாயத்திலேயே செலவாகிவிட, கரிப்பு மட்டும் நாக்குக்கு வந்து சேர்கிறது. சோப்பு நுரைக்காத தண்ணீரில் ஜூஸ் போடாதே என்று அம்மா ஒரே வரியில் சொல்வதன் விளக்கவுரை இது.

மெட்ரோ தண்ணீர் கதை இன்னும் சுவாரசியமானது. எங்களுக்கு வடக்கே மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010 முதல் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் ஓடுகிறது. ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் அளவுக்குக் கட்டப்பட்டது. கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதை நுண்ணிய சவ்வுகளின் வழியே பெரும் அழுத்தத்தில் தள்ளி, உப்பை மறித்து, நல்ல தண்ணீராக்கிக் குழாயில் அனுப்புகிறார்கள். கோடிக்கணக்கில் செலவழித்து உப்பு நீக்கிய அந்தத் தண்ணீரைக் குடத்தில் பிடித்து, டம்ளரில் ஊற்றி, எலுமிச்சை பிழிந்து, நான் என்ன செய்கிறேன்? உப்புப் போடுகிறேன். இது அந்த இன்ஜினியர்கள் யாருக்கும் தெரியாமல் இருப்பது நல்லது.

2019 கோடையில் அந்தத் தண்ணீரும் போதாமல் ஊரே குடத்தோடு நின்றது. ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. ஜூலை 12 அன்று வந்த முதல் ரயிலில் 25 லட்சம் லிட்டர். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று எங்கள் இராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது என்று நாங்கள் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடிப்பது வழக்கம். 163 வருஷம் கழித்து ஏறக்குறைய அதே தடத்தில் தண்ணீர் திரும்பி வந்ததைப் பார்த்து அம்மா சொன்னாள்: "வெள்ளைக்காரன் ரயில் விட்டப்போ ரிட்டன்ல ரெண்டு குடம் கொண்டாந்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்."

ஒருவழியாகத் தண்ணீர் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது ஐஸ்.

ஐஸ் விஷயத்தில் எங்களைப் பார்த்து ஊரே பொறாமைப்பட வேண்டும். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் பார் பாராக ஐஸ் வந்து இறங்கும். நொறுக்கும் மெஷின் சத்தம் விடிவதற்கு முன்பே ஆரம்பித்துவிடும். தகர டப்பாக்களில் தண்ணீரை நிரப்பி, உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த உப்புநீர்த் தொட்டிக்குள் இறக்கிவைத்துத்தான் இந்தப் பார்களை உறையவைக்கிறார்கள். ஒரு பாரை நிறுத்திவைத்துப் பாருங்கள். ஓரமெல்லாம் கண்ணாடியாகத் தெளிந்திருக்கும். நடுவில் மட்டும் வெள்ளையாக ஒரு தண்டு. தண்ணீர் வெளிப்பக்கத்திலிருந்து உறைந்துகொண்டே வரும்போது காற்றையும் கசடையும் உள்ளே உள்ளே தள்ளி, கடைசியில் நடுவில் கொண்டுபோய்ச் சிறைவைக்கிறது. அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது மீனுக்கு வைத்த ஐஸ். வஞ்சிரத்துக்குச் செய்த மரியாதையை மனிதன் தனக்கென்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

மேல் வீட்டு யக்கா காசிமேட்டில் மீன் வியாபாரம். ஒரு நாள் என் ஜூஸ் இலாகா பற்றிக் கேள்விப்பட்டு, அன்பு மேலிட்டு ஒரு பை நிறைய நொறுக்கிய ஐஸ் கொண்டுவந்துவிட்டார்.

"இந்தா நைனா, வெச்சுக்கோ. ஜூஸுக்குப் போடு. இன்னும் வேணும்னா சொல்லு, தள்ளிகினு வரேன்."

"யக்கா, இது மீன் ஐஸு ஆச்சே?"

"மீனு ஏறல நைனா. ஏறுறதுக்கு முன்னாடியே எடுத்துகினு வந்துட்டேன். சுத்தம்!"

பையைத் திறந்ததும் பூனை ஒன்று எங்கிருந்தோ வந்து உட்கார்ந்தது. பூனைக்கு இருந்த தெளிவு எனக்கும் இருந்ததால் அந்த ஐஸ் தொட்டிச் செடிக்குப் போயிற்று.

ஆகவே வீட்டு ஃபிரீஸரில்தான் ஐஸ் போட வேண்டும். அங்கேயும் ஒரு சிக்கல். எங்கள் தெருவில் ஃபிரீஸர் என்பது மீனுக்காக வாங்கியது. ஐஸ் டிரே அதில் ஒண்டுக்குடித்தனம். உறையும் தண்ணீர் பக்கத்து வாசனையை லஜ்ஜையில்லாமல் இழுத்துக்கொள்ளும். ஒருமுறை வந்த சம்பந்தி ஜூஸைக் குடித்துவிட்டு, "நல்லாயிருக்கு. இதுல ஏதோ மசாலா போட்டிருக்கீங்க, என்னன்னுதான் பிடிபடலை" என்றார். கவலை என்று நானும் சொல்லவில்லை. கவலை மீன் என்று சொல்லியிருந்தால் உறவே கெட்டிருக்கும். மூடி போட்ட டிரே வாங்குங்கள். அதுதான் தீர்வு.

இன்னொரு விசித்திரம் கேளுங்கள். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கத்திரி வெயில் கொளுத்துகிற அதே நாட்கள்தான். மனிதன் ஐஸுக்கு அலைகிற மாதத்தில் மீனுக்கு ஐஸ் வேண்டாம். மீனுக்கு வேண்டிய மாதத்தில் மழை வந்து மனிதனுக்கு வேண்டாம். சரி, வெள்ளைக்காரன் காலத்திலாவது எங்களுக்கு ஐஸ் யோகம் இருந்ததா என்றால் அதுவும் இல்லை. அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் அறுத்த ஐஸைக் கப்பலில் மெட்ராஸுக்குக் கொண்டுவந்தார் ஃபிரடெரிக் டியூடர் என்ற வியாபாரி. அதைப் பத்திரப்படுத்த 1842ல் ஐஸ் ஹவுஸ் கட்டினார். எங்கே? திருவல்லிக்கேணிக் கடற்கரையில். பாதி உலகம் சுற்றி வந்த ஐஸுக்கு இராயபுரம் பக்கம் திரும்பத் தோன்றவில்லை பாருங்கள்!

இப்போது எலுமிச்சைக்கு வருவோம்.

வட சென்னையில் கையால் பிழிகிற எலுமிச்சையைவிட லாரி டயரில் நசுங்குகிற எலுமிச்சைதான் அதிகம் என்பது என் கணிப்பு. எண்ணூர்த் தொழிற்சாலையில் இன்றும் அசோக் லேலண்ட் வண்டிகள் செய்கிறார்கள். நம் ஊரில் புது வண்டி எதுவானாலும் அது தொழிலுக்குப் போகுமுன் செய்யும் முதல் வேலை, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழத்தை நசுக்குவது. பிறகு ஆயுத பூஜை, அமாவாசை, புது டிரைவர், புது டயர். முன்னால் மிளகாயோடு கட்டித் தொங்குவது தனிக் கணக்கு. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் துறைமுக கேட்டைப் பார்த்து வரிசையில் நிற்கும்போது தொங்குகிற எலுமிச்சையை எல்லாம் பறித்தால் ஒரு கல்யாணத்துக்குச் சாதம் கிளறலாம். திருஷ்டி யார் தலையில் விடிவது என்ற பயத்தில்தான் யாரும் கை வைப்பதில்லை. கோடை வந்தால் பழத்தின் விலை ஏறுகிறதே என்று திட்டுகிறவர்கள், தேவை இரண்டு பக்கம் இருப்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். நமக்கு தாகம், லாரிக்கு கண் திருஷ்டி.

எங்கள் மார்க்கெட்டுக்குத் தெற்கே புளியங்குடியிலிருந்தும் வடக்கே ஆந்திராவின் கூடூரிலிருந்தும் பழம் வரும். தோல் மெல்லிதாக, கையில் எடுத்தால் கனமாக இருப்பதுதான் சாறுள்ள பழம். பளபளவென்று பெரிதாக, லேசாக இருப்பது பார்வைக்குத்தான். வாங்கி வந்த பழத்தைத் தரையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி நாலு உருட்டு உருட்டி, பிறகு குறுக்கே வெட்டுங்கள். பிழியும்போது கஞ்சத்தனம் கூடாது. கடைசிச் சொட்டு வரை முறுக்கினால் தோலின் கசப்பும் கூடவே இறங்கும். பிழிந்த சாற்றை நெடுநேரம் வைத்தாலும் கசக்கும். அதில் லிமோனின் என்ற கசப்புப் பொருள் நேரம் ஆக ஆகத்தான் உருவாகிறது. காலையில் பிழிந்துவைத்துவிட்டுச் சாயங்காலம் கலந்து தரும் கடைகளில் நாக்கு ஏன் சுருங்குகிறது என்பதற்குக் காரணம் இதுதான். அம்மா பாஷையில்: "பிழிஞ்சா குடி, குடிக்கறதா இருந்தா பிழி."

எலுமிச்சையைக் கொதிக்கவைக்காதே என்பதும் அம்மா சட்டம். ரசத்தை இறக்கிவைத்துவிட்டுத்தான் பிழிவாள். இந்தச் சட்டம் தெரியாமல் பிரிட்டிஷ் கடற்படையே தவித்திருக்கிறது. துறைமுகத்தில் வேலை பார்த்தவன் என்ற உரிமையில் அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

மாதக்கணக்கில் கடலில் கிடந்த மாலுமிகளுக்கு ஈறு வீங்கி, பல் ஆடி, உயிரே போகும். ஸ்கர்வி. 1747ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் டாக்டர் 12 நோயாளிகளை ஆறு ஜோடியாகப் பிரித்தார். ஒரு ஜோடிக்கு சைடர், ஒரு ஜோடிக்கு வினிகர், ஒரு ஜோடிக்குக் கந்தக அமிலம் கலந்த மருந்து, ஒரு ஜோடிக்குப் பூண்டும் கடுகும் சேர்த்து அரைத்த உருண்டை, ஒரு ஜோடிக்குத் தினமும் இரண்டு ஆரஞ்சும் ஒரு எலுமிச்சையும். மிச்சமிருந்த ஜோடிக்குக் கடல் தண்ணீர். ஆரஞ்சு ஜோடி ஆறே நாளில் தேறி, அதில் ஒருவர் வேலைக்கே போய்விட்டார். கடல் தண்ணீர் ஜோடியின் அனுபவத்தை எங்கள் தெருப் போர் தண்ணீரைக் குடித்தவர்கள் விளக்கிச் சொல்ல முடியும். இவ்வளவு தெளிவாகத் தெரிந்த பிறகும் மாலுமிகளுக்கு எலுமிச்சைச் சாறு கொடுக்கலாம் என்று கடற்படை முடிவெடுத்தது 1795ல். ஒரு ஃபைல் நகர 48 வருஷம்! கிளியரிங் ஆபீசில் குப்பை கொட்டிய எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. லிண்ட் முந்தின வருஷம்தான் கண்ணை மூடியிருந்தார்.

பிற்பாடு செலவைக் குறைக்க மேற்கிந்தியத் தீவுகளின் லைம் சாறுக்கு மாறினார்கள். அதில் ஏற்கெனவே வைட்டமின் சி குறைவு. அதையும் தேக்கிவைத்து, செம்புக் குழாயில் ஓடவிட்டு, மிச்சம் இருந்த சத்தையும் தொலைத்தார்கள். 1875ல் ஜார்ஜ் நேர்ஸ் தலைமையில் வட துருவத்தை நோக்கிப் போனவர்கள் சாறு இருந்தும் ஸ்கர்வி வந்து அடுத்த வருஷமே திரும்பினார்கள். சாற்றைச் செம்பிலும் சூட்டிலும் காட்டாதே என்று சொல்ல அந்தக் கப்பலில் ஒரு கிழவி இருந்திருக்க வேண்டும்.

இஞ்சி இல்லாமல் எங்கள் வீட்டில் எலுமிச்சை தனியே வெளியே வராது. நல்ல பிஞ்சு இஞ்சியாக ஒரு கட்டைவிரல் நீளம் எடுத்து, தோலைச் சுரண்ட வேண்டும். இஞ்சிக்குத் தோல் நஞ்சு, கடுக்காய்க்குக் கொட்டை நஞ்சு என்பது பரம்பரைக் கட்டளை. மிக்ஸியில் போட்டால் நார் கூழாகி எல்லாம் கலந்துவிடும். அம்மியிலோ சின்ன உரலிலோ நாலு தட்டு தட்டி, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, துணியில் பிழிந்து, கிண்ணத்தில் அப்படியே வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம். கால் மணி நேரத்தில் மேலே பொன்னிறமாகச் சாறு தெளிந்து நிற்கும். அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும். கிண்ணத்தை ஆட்டாமல் சாய்த்துத் தெளிவை மட்டும் இறுத்துக்கொண்டு, வண்டலைக் கொட்டிவிடுவார்கள். அந்த வண்டல் வெறும் மாவுச்சத்துதான் என்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "மாவுன்னா தோசை ஊத்து" என்றாள். ஆனால் வண்டல் நீக்கிய சாறு நாக்கில் மொழுமொழுவென்று ஒட்டாமல் சுத்தமாக இறங்குகிறது என்பதை மறுப்பதற்கில்லை.

இஞ்சி காய்ந்து சுக்கானால் காரம் தணியும் என்று நினைப்பவர்கள் ஒரு துண்டைக் கடித்துப் பார்க்கலாம். பச்சை இஞ்சியின் காரத்துக்குக் காரணமான ஜிஞ்சரால், காயும்போது ஷோகால் என்ற இன்னும் உறைப்பான பொருளாக மாறுகிறது. இஞ்சி, சுக்கானபின் பெரிய மனுஷனாகிவிடுகிறது; குணம் போகாது, காரம் கூடும். எங்கள் வீட்டிலேயே உதாரணம் இருக்கிறது, பெயர் சொல்ல முடியாது. வெல்லத்தைக் கரைத்து, எலுமிச்சை பிழிந்து, சுக்கும் ஏலமும் தட்டிப்போட்டு ராமநவமிக்குச் செய்கிற பானகம்தான் நம்முடைய ஆதி எலுமிச்சை-இஞ்சிப் பானம். இன்றைக்கு அதையே நீளக் கண்ணாடி கிளாஸில் ஊற்றி, புதினா இலை செருகி, ஆங்கிலப் பெயர் வைத்து நட்சத்திர ஓட்டலில் தருகிறார்கள். பில்லைப் பார்த்தால் ராமா என்றுதான் சொல்லத் தோன்றும்.

எங்கள் பகுதியில் சுக்குக்கு இன்னொரு மரியாதையும் உண்டு. ஷிப்ட்டுக்குப் போகிறவர்கள் பையில் சோற்று டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு பாட்டில் இருக்கும்: பகல் ஷிப்ட்டுக்கு உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர், நைட் ஷிப்ட்டுக்குச் சுக்குத் தண்ணீர். 250 பேருக்கு மேல் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் வெயில் காலத்தில் குடிநீரைக் குளிர்வித்துத் தர வேண்டும் என்று 1948ஆம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. குளிர்ந்த தண்ணீர் சட்டப்படி கிடைத்தது. எலுமிச்சை சம்சாரத்தின் கருணை.

இந்த இடத்தில் எதிர்வீட்டுப் பையனின் ஆராய்ச்சியைச் சொல்லாமல் விட்டால் சரித்திரம் மன்னிக்காது. ஐடி கம்பெனியில் வேலை; வீட்டிலிருந்தே பார்க்கிறான். இஞ்சி பீர் செய்யப்போவதாக அறிவித்தான். "பீரா?" என்று அவன் அம்மா அலறியதில் பாதித் தெரு கூடிவிட்டது. போதை கிடையாது, சும்மா நுரைக்கும் என்று விளக்கினான். இஞ்சியும் சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்து வைத்தால், அதிலேயே இருக்கும் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று கரியமில வாயு விடும். மூடிய பாட்டிலுக்குள் வாயு அடைபட்டு, சோடாவாக நுரைக்கும். எல்லாம் சரி. அவன் பார்த்த குறிப்பை எழுதியவர் இங்கிலாந்துக்காரர். 'அறை வெப்பத்தில் இரண்டு மூன்று நாள் வைக்கவும்' என்று எழுதியிருந்தார். அவர் அறை வேறு, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட எங்கள் தெரு மொட்டைமாடி அறை வேறு என்பதை அவருக்கு யார் எடுத்துச் சொல்வது? இட்லி மாவே இங்கே மத்தியானத்துக்குள் பாத்திரத்தை விட்டு இறங்கி நடக்க ஆரம்பித்துவிடும்.

பையன் அழகுக்காகக் கண்ணாடி பாட்டிலில் வேறு அடைத்துவைத்திருந்தான். நடுராத்திரி முதல் பாட்டில் வெடித்தது. வேறு ஊராக இருந்தால் பட்டாசு என்று திரும்பிப் படுத்திருப்பார்கள். எங்கள் பக்கம் அப்படி இல்லை. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலுக்குள் போகும் குழாயில் அமோனியா கசிந்து, ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடிய நாளை யாரும் மறக்கவில்லை. சத்தம் கேட்ட ஒரே நிமிஷத்தில் தெரு முழுக்க வாசலில் நின்றது. முகத்தில் ஈரத் துண்டு. எல்லோரும் மூக்கைத் தூக்கிக் காற்றை மோந்தார்கள்.

"எந்தக் கம்பெனிப்பா?"

"கண்ணு எரியல. அமோனியா இல்ல."

"ஒரு மாதிரி இனிப்பா வருது."

"இஞ்சி மரப்பா வாசனை அடிக்குதுப்பா!"

"இஞ்சி மரப்பா கம்பெனி இங்க எங்க கீது?"

அதற்குள் இரண்டாவது பாட்டிலும் வெடித்து, சத்தம் வந்த திசையைக் காட்டிக் கொடுத்துவிட்டது. மேல் வீட்டு யக்கா ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பையனைக் கேட்டார்: "ஏண்டா கண்ணு, கேஸு வேணும்னா கட்டிங் கடைக்குப் பக்கத்துல சோடா விக்கிறான். நீ வேற எதுக்கு வூட்டுல பிளாண்ட் வெக்கிற?" வீட்டில் செய்து பார்க்க ஆசைப்படுபவர்களுக்குச் சொல்கிறேன்: பிளாஸ்டிக் பாட்டிலில் அடையுங்கள். அமுக்கிப் பார்த்துக் கல்லாகிவிட்டால் உடனே ஃபிரிட்ஜில் தள்ளுங்கள். எங்கள் வெயிலுக்கு இரண்டு நாள் என்பதெல்லாம் பேராசை.

யக்கா சொன்ன வழியே எளிது. சோடா வாங்கிவந்து கலந்துவிடலாம். கோலி சோடா இன்னும் எங்கள் பக்கம் கிடைக்கிறது. ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1872ல் காப்புரிமை பெற்ற பாட்டில். உள்ளே இருக்கும் வாயுவே கோலியை மேலே தள்ளி, வாயிலிருக்கும் ரப்பர் வளையத்தில் அழுத்தி அடைத்துக்கொள்கிறது. திருடனையே காவலுக்கு வைத்த ஏற்பாடு. கட்டைவிரலை வைத்து ஒரு குத்து. கோலி 'டொப்' என்று கழுத்துப் பள்ளத்தில் விழும். ஊற்றும்போது அது திரும்ப உருண்டு வந்து வாயை அடைக்காமலிருக்கக் கழுத்தில் இரண்டு குழி உண்டு. அந்தக் குழிப் பக்கம் கீழே இருக்கும்படி சாய்த்தால் கோலி அதில் உட்கார்ந்துகொள்ளும். குழி தெரியாமல் சாய்த்துவிட்டு சோடா வரவில்லை என்று பாட்டிலைத் தட்டுகிறவரைப் பார்த்தாலே தெரிந்துவிடும், மவுண்ட் ரோடுக்கு அந்தப் பக்கத்து ஆள்.

சோடா ஊற்றுவதில் ஒரு முறை இருக்கிறது. ஊற்றிய சோடாவில் உப்பைப் போடாதீர்கள். ஒவ்வொரு உப்புக் கல்லையும் பிடித்துக்கொண்டு வாயு குமிழி குமிழியாகக் கிளம்பி, கிளாஸ் பொங்கி, பாதி உங்கள் லுங்கிக்குப் போய்விடும். முதலில் எலுமிச்சைச் சாற்றில் உப்பைக் கரைத்து, தெளிந்த இஞ்சிச் சாறு ஒரு ஸ்பூன் விட்டு, கிளாஸைச் சாய்த்துப் பிடித்து ஓரமாக சோடாவை இறக்க வேண்டும். கலக்கக் கூடாது. அதுவே கலந்துகொள்ளும்.

எல்லாம் தயார் என்று டம்ளரை எடுத்தால்தான் எங்கள் வீட்டில் உண்மையான சண்டை ஆரம்பிக்கும். கடைக்காரர் கேட்கிற அதே கேள்வி: சால்ட்டா, ஸ்வீட்டா? நான் சால்ட் கட்சி. என் மனைவி ஸ்வீட் கட்சி. எனக்கு பிரஷர் இருப்பதால் உப்பு கூடாது என்கிறாள். அவளுக்கு சுகர் இருப்பதால் சர்க்கரை கூடாது என்கிறேன். ஒருவர் ஆரோக்கியத்தின் மேல் மற்றவருக்கு அவ்வளவு அக்கறை. இனிப்புக்கு ஆதரவாக அவள் எங்கள் ஊர்ச் சித்தரையே சாட்சிக்குக் கூப்பிடுவாள். பட்டினத்தார் கையில் ஒரு பேய்க்கரும்போடு ஊர் ஊராகப் போனாராம்; எந்த ஊரில் அந்தக் கரும்பு இனிக்கிறதோ அதுதான் முக்தித் தலம் என்று அவருக்கு வாக்கு. திருவொற்றியூரில் இனித்தது, இங்கேயே கடற்கரையில் சமாதியானார். "சித்தருக்கே இங்க இனிச்சுது, உங்களுக்கு மட்டும் கரிக்கணுமா?" என்பாள். அவர் கரும்பைத்தான் கடித்தார், குழாயைத் திறக்கவில்லை என்பேன் நான்.

தீர்ப்பு சொல்ல அம்மாவிடம்தான் போக வேண்டும். அம்மா எந்தக் காலத்திலும் கட்சி பார்த்ததில்லை. ஆறு டம்ளர் தண்ணீருக்கு மூன்று பழம், இஞ்சித் தெளிவு இரண்டு ஸ்பூன், வெல்லமோ சர்க்கரையோ கைக்கு வந்தபடி. அதோடு உப்பும் ஒரு சிட்டிகை. ஸ்வீட் கேட்டாலும் உப்புப் போடுவாள், சால்ட் கேட்டாலும் கொஞ்சம் சர்க்கரை விழும். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் இருந்தாத்தான் உடம்புல ஒட்டும்" என்பாள்.

இது கிழவியின் பிடிவாதம் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். படித்துப் பார்த்தால் அம்மா பக்கம் உலக சுகாதார நிறுவனமே நிற்கிறது. சிறுகுடலில் சோடியமும் குளுக்கோஸும் ஜோடியாகத்தான் உள்ளே போகின்றன. அவை போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகின்றன. உப்பு மட்டும் போட்டாலும் முழுப் பலன் இல்லை, சர்க்கரை மட்டும் போட்டாலும் இல்லை. ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்புச் சர்க்கரைக் கரைசல் என்று வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கிறார்களே, அதன் வீட்டுக் கணக்கு இதுதான். 1971ல் வங்கதேசப் போரின்போது எல்லை தாண்டி வந்த அகதிகள் முகாமில் காலரா பரவி, ஏற்றுவதற்கு சலைன் பாட்டில் தீர்ந்துபோன நேரத்தில், திலீப் மகலனாபிஸ் என்ற டாக்டர் உப்பும் குளுக்கோஸும் சமையல் சோடாவும் கலந்த கரைசலை டிரம்மில் நிரப்பி, உறவினர்கள் கையாலேயே ஊட்டவைத்து ஏராளமான உயிர்களைக் காப்பாற்றினார். அவர் காலமான பிறகு 2023ல் பத்ம விபூஷண் அறிவித்தார்கள். லிண்ட் ஃபைலைவிட இது பரவாயில்லை என்றும் சொல்ல முடியாது. அதைவிட நாலு வருஷம் கூடத்தான் ஆகியிருக்கிறது.

இதையெல்லாம் அம்மாவுக்கு உட்காரவைத்து விளக்கினேன். குடலில் உப்பும் சர்க்கரையும் கைகோத்துப் போவதையும், அந்த முகாமையும், டிரம்மையும், விருதையும் பொறுமையாகக் கேட்டாள். டம்ளரைக் காலி செய்து கீழே வைத்தாள்.

"புண்ணியவான். அத்தனை உசுரைக் காப்பாத்தினவர், கூடவே ஒரு துண்டு இஞ்சியைத் தட்டிப் போட்டிருக்கலாமே?"